பாய்மரப் படகில் அந்தமானுக்கு: ராயபுரத்தில் மூட்டை கட்டும் முறை

கல்மண்டபம் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை முன்னால் உட்கார்ந்தால் எல்லாரும் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து எடுப்பார்கள். நான் பச்சையாக, கல் மாதிரி இருப்பதைப் பொறுக்குவேன். கடைக்கார அக்காவுக்கு இது பழகிவிட்டது. "என்னண்ணே, மறுபடி கடலுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரே கூடையின் அடியில் கையை விட்டு காயாக இருப்பதை எடுத்துப் போடுவார்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். 14 வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல் வேலை பார்த்தேன். கரைக்கு வந்த பிறகு, ஓய்வுபெற்ற மரைன் இன்ஜினியர் ஒருவருடைய 38 அடி பாய்மரப் படகில் நாலு பேரில் ஒருவனாகச் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சாமான் வாங்குவது, அடுக்குவது, சமைப்பது மூன்றும் என் பொறுப்பு. கப்பலில் கற்றது இதற்குப் பாதிதான் உதவியது. அங்கே குளிர் அறை உண்டு, ஜெனரேட்டர் உண்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் உண்டு. இந்தப் படகின் அடுப்படியில் ஒரே ஒரு ஆள் நிற்கலாம், அதுவும் சாய்ந்தபடி. மீதிப் பாதியை என் அம்மா வீடு நடத்தியதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இப்படிப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ அரிசி?" என்பதுதான். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நாள் கணக்கு.

சென்னையிலிருந்து அங்கே சுமார் 740 கடல் மைல். எங்கள் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல் மைல் போகும், ஒரு நாளைக்கு 120. அப்படியானால் ஆறு நாளும் கொஞ்சமும். நான் ஏழு என்று வைத்துக்கொண்டு, அதை இரண்டால் பெருக்கி 14 நாளுக்குச் சாமான் ஏற்றுவேன். காற்று செத்துப்போனால் படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். டீசலை நம்பி மீதித் தூரத்தை ஓட்டிவிட முடியாது.

காலம் முக்கியம். பொங்கல் முடிந்து கிளம்பி, மார்ச் முடிவதற்குள் திரும்பிவிடுவோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று வடசென்னையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று எங்கள் தெரு அதை நன்றாகவே பார்த்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் மறுபடி புயல் பயம் தொடங்கிவிடும்.

அந்தப் பருவத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நாம் கிழக்கே போகிறோம். அதனால் காற்று இடது முன்பக்கத்திலிருந்து வரும், படகு போகிற வழி முழுக்க வலப்பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். இது சமையல்காரனுக்கு ரொம்ப முக்கியமான செய்தி. கனமான சாமான் எல்லாம் இடப்பக்கம், தரையை ஒட்டி. இடப்பக்கத்து அலமாரியைத் திறந்தால் உள்ளே இருப்பது முகத்தில் விழும், அதனால் அங்கே கண்ணாடி பாட்டில் எதையும் வைக்கக் கூடாது. திரும்பும்போது காற்று பின்னால் வலப்பக்கத்திலிருந்து வரும். அப்போது சாய்வு குறைந்து உருளல் அதிகமாகும், இரண்டு பக்கமும் கொட்டும். போர்ட் பிளேரில் கிளம்புமுன் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றி அடுக்குங்கள்.

தண்ணீர்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். மூன்று குடிக்க, ஒன்று சமைக்க. நாலு பேருக்கு 16 லிட்டர், 14 நாளுக்கு 224 லிட்டர். குளிப்பதும் துவைப்பதும் இந்தக் கணக்கில் இல்லை. கரையில் இருப்பவர்கள் இதைக் கேட்டு மலைத்துப்போவார்கள். மெட்ரோ வாட்டர் லாரிக்காக வரிசையில் குடம் வைத்தவர்களுக்கு மலைப்பு இருக்காது. 2019 கோடையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் நாளைக்கு ஆறு குடத்தில் காலம் தள்ளினோம். எந்தக் குடம் குடிக்க, எந்தக் குடம் கழுவ, கழுவிய தண்ணீர் எதற்கு என்று அம்மா வைத்த முறையைத்தான் படகிலும் வைத்திருக்கிறேன்.

முதல் பயணத்தில் எங்களிடம் 200 லிட்டரில் ஒரே தொட்டிதான் இருந்தது. கூடவே நாலு 20 லிட்டர் கேன். மூன்றாம் நாள் காலை டீ உப்புக் கரித்தது. மேல்தளத்தில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் மூடியின் ரப்பர் நைந்துபோய், இரவெல்லாம் மேலே அடித்த அலை உள்ளே இறங்கியிருந்தது. 200 லிட்டரும் போச்சு. கேனில் இருந்த 80 லிட்டரை நாலு பேர் பங்கு வைத்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தோம். கடைசி நாள் கேனில் மிஞ்சியது இரண்டு சொம்புதான். அந்த மூடியைக் கிளம்பும் முன் நான் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போது படகில் தொட்டியை இரண்டாகப் பிரித்துவிட்டோம், தலா 120 லிட்டர். இரண்டுக்கும் நடுவில் உள்ள வால்வு மூடியே இருக்கும். இது போக ஆறு கேன், கட்டிப்போட்டு, கடைசிவரை தொடாமல். மூடி ரப்பர் வருடா வருடம் புதிது. தொட்டியிலிருந்து குழாயைத் திறந்துவிட்டுப் பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. காலையில் நான் 16 லிட்டரை அளந்து ஒரு கேனில் எடுத்துவைப்பேன், அன்றைக்கு அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பாட்டில், பெயர் எழுதியது. யார் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். மயக்கம் வருகிற ஆள்தான் தண்ணீர் குடிக்காமல் இருப்பான்.

மற்ற எல்லாவற்றுக்கும் கடல்நீர். பாத்திரம் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசல். குளியல் சோப்பு கடல்நீரில் நுரைக்காது, திரிந்துபோன மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஷாம்பூவும் பாத்திரம் கழுவும் லிக்விடும் நுரைக்கும், குளிப்பதற்கும் ஷாம்பூதான். சோறு வடிக்க மூன்று பங்கு நல்ல தண்ணீர், ஒரு பங்கு கடல்நீர். கடல்நீரில் லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கும், நாலில் ஒரு பங்கு கலந்தால் சோற்றுக்கு உப்பு சரியாக வரும். முட்டை, உருளைக்கிழங்கு வேகவைக்க முழுக்கவே கடல்நீர் போதும். ஆனால் இதெல்லாம் கரையை விட்டு நன்றாக விலகிய பிறகுதான். துறைமுகத்துத் தண்ணீரையும் எண்ணூர்ப் பக்கத்துத் தண்ணீரையும் சமையலுக்கு மொள்ளாதீர்கள். 2017 ஜனவரியில் அங்கே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளி வாளியாக அள்ளிய ஊர் எங்களுடையது.

மூன்று வகை நாள்

சாமானை நான் கிலோவில் கணக்குப் போடுவதில்லை, நாளில் போடுவேன். கடலில் மூன்று வகை நாள் உண்டு. அடுப்பே பற்றவைக்க முடியாத நாள். ஒரே ஒரு குக்கர் மட்டும் ஏற்றக்கூடிய நாள். வீடு மாதிரி சமைக்கும் நாள். முதல் முறை போகிறவர்கள் மூன்றாவது வகை நாளை மனதில் வைத்து மளிகைச் சீட்டு எழுதுவார்கள். நான் 14 நாளில் நாலு நாள் அடுப்பு இல்லை, ஆறு நாள் ஒரு குக்கர், மீதி நாலு நாள்தான் சமையல் என்று பிரிப்பேன்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மஞ்சப்பை. அன்றைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, பொடி, வெங்காயம், பிஸ்கட் எல்லாம் அதற்குள். பையின் மேல் மார்க்கரில் எண்ணும் வகையும் எழுதி, பைகளைப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் மூடி வைத்துவிடுவேன். வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடக்கும் ஆள்கூட ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பையை எடுத்து நாலு பேருக்கும் சாப்பாடு கொடுக்க முடிய வேண்டும். நான் படுத்துவிட்டால் யார் செய்வது என்று நினைத்துப் பார்த்து இந்தப் பழக்கம் வந்தது.

அடுப்பு இல்லாத நாளின் பையில் இருப்பவை: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சை. அவலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, வீட்டில் காய்ச்சிக் கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் பத்து நிமிடத்தில் புளி அவல். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி, ஈரம் படாத டப்பாவில் வைத்தால் போக வரத் தாங்கும். முதல் நாளுக்கு மட்டும் தனி ஏற்பாடு: மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவின இட்லி. நம் வீடுகளில் ரயிலுக்குக் கட்டிக்கொடுக்கும் அதே இட்லிதான், கடலுக்கும் அதைவிட நல்ல முதல் நாள் சாப்பாடு கிடையாது. எண்ணெய்ப் பலகாரமும் பிரியாணியும் கிளம்பும் முந்தின இரவு வேண்டவே வேண்டாம். குமட்டலுக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு, கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் மாத்திரை என்றால் அந்த ஆளுக்கு முதல் இரவு காவல், அதாவது விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்ளும் முறை, கொடுக்கக் கூடாது.

ஒரு குக்கர் நாளுக்குப் பருப்பும் அரிசியும் சேர்ந்த ஏதாவது. வெண்பொங்கல், சாம்பார் சாதம், தக்காளி சாதம். குக்கர் மூடி பூட்டிக்கொள்வதால் சாய்ந்தாலும் கொட்டாது. கூட அப்பளம் சுட்டுக்கொள்ளலாம், பொரிக்க வேண்டாம். படகு ஆடும்போது காய்ந்த எண்ணெயை நான் அடுப்பில் ஏற்றுவதே இல்லை.

அப்புறம் பழைய சோறு. வீட்டில் பசங்க முகம் சுளித்தாலும் படகில் காலை பத்து மணிக்கு அதற்கு நிகர் இல்லை. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றித் திருகுமூடி டப்பாவில் வைத்து, மூடியைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். காலையில் சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், சுட்ட நெத்திலிக் கருவாடு. காஸ் செலவு இல்லை. ஊற்றின தண்ணீரும் நீராகாரமாக வயிற்றுக்குள்தான் போகிறது, உப்போடு. வெயிலில் பாய்க்கயிறு இழுத்த ஆளுக்கு அது எவ்வளவு தெம்பு என்று குடித்துப் பார்த்தால் தெரியும்.

எங்கே என்ன வாங்குவது

மளிகைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. மொத்தமாக வாங்கலாம், மிளகாயும் மல்லியும் வாங்கி அரைத்துக்கொண்டு போகலாம். அரிசி புழுங்கல்தான், 20 கிலோ. காலி 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, புனல் வைத்து அரிசியை நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு மூடிவிடுங்கள். 12 பாட்டில் ஆகும். மூட்டையாகக் கொண்டுபோனால் ஒருமுறை ஈரம் பட்டதும் மொத்தமும் கெடும். பாட்டிலில் கெட்டால் ஒன்றோடு போகும். பருப்பும் இப்படித்தான்.

காய்கறிக்குக் கல்மண்டபம் போதும், காலையில் போங்கள். தக்காளி காயாக, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி. வாழைக்காய், சேனை, பரங்கிக்காய், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் தாங்குபவை. கோஸைக் கத்தியால் வெட்டாமல் இலை இலையாக உரித்து எடுத்தால் இரண்டு வாரம் இருக்கும். பரங்கியை முழுதாக வாங்குங்கள், வெட்டின அன்றே தீர்த்துவிட வேண்டும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும். வெங்காயத்தை வலையில் தொங்கவிட்டு, உருளையை இருட்டான இடத்தில் வைப்பேன். தினமும் கையை விட்டுப் புரட்டிப் பாருங்கள். ஒரு அழுகின உருளை படகு முழுக்க நாறடிக்கும். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து எடுத்துக்கொண்டால் பச்சை இல்லாத குறை தெரியாது. கீரைக்கு இடம் கிடையாது, முருங்கைக்கீரையைக் காயவைத்துப் பொடியாக எடுத்துப்போவேன்.

முட்டை 60. கடையில் சொல்லி, ஃபிரிட்ஜில் வைக்காத, கழுவாத முட்டையாக வாங்குங்கள். மேலே எண்ணெய் தடவி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் திருப்பி வைத்தால் மூன்று வாரம் வரும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் வேண்டாம்.

அட்டைப் பெட்டி, காகித முட்டைத் தட்டு எதுவும் படகுக்குள் வரக் கூடாது. கரப்பான் முட்டை அட்டையின் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு வரும், ஒருமுறை ஏறிவிட்டால் இறக்க முடியாது. எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, துடைத்து, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி ஏற்றுங்கள். வாழைத்தாரையும் கடல்நீரில் ஒருமுறை முக்கி எடுங்கள்.

கருவாடும் ஐஸும் காசிமேட்டில். ஐஸ் பாரைப் பாதியாக அறுத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் எங்களுக்கு ஐந்து நாள் வந்தது. அதற்குள் பாலையும் தயிரையும் முடித்துவிட வேண்டும், பிறகு பால் பவுடர்தான். படகுக்கு வேண்டிய நைலான் கயிறும் காசிமேட்டுக் கடைகளிலேயே கிடைக்கும்.

அடுப்படியில்

எங்கள் அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள இரும்புக் கவ்வி உண்டு. அவ்வளவு இருந்தும் கடல் ஆடும்போது நான் முழங்கால் வரை தொங்கும் ரப்பர் ஏப்ரன் இல்லாமல் நிற்க மாட்டேன். இடுப்பில் பட்டை, அதன் கொக்கி சுவரில். டீயை யார் கையில் பிடித்திருக்கும் கப்பிலும் ஊற்றக் கூடாது. கப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, பாதி மட்டும் ஊற்றி, பிறகு கையில் கொடுக்க வேண்டும்.

காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். அங்கே ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் இருப்பது எரிந்து தீர்ந்ததும் அடுப்பை மூடுங்கள். டீ போடுவதாக இருந்தாலும் இதே முறைதான். சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே போகும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று தினமும் விரல் விட்டுப் பார்ப்பேன். நாலு பேருக்கு 5 கிலோ சிலிண்டர் 16 நாள் வந்தது. இரண்டு எடுத்துப்போகிறோம்.

இரவும் பகலும்

நாலு பேர் என்றால் மூன்று மணி நேரம் காவல், ஒன்பது மணி நேரம் ஓய்வு. நானும் காவல் பார்ப்பேன், இரவு 9 முதல் 12 வரை. அதில் ஒரு வசதி: நான் போய்ப் படுக்குமுன் பிளாஸ்கில் சுக்குக் காப்பி போட்டுவிடுவேன், அடுத்தடுத்து எழுபவர்களுக்கு அது போதும். இரவு டப்பா என்று ஒன்று தனியாக இருக்கும், அதில் கடலை மிட்டாய், முறுக்கு, ரஸ்க். பகலில் அதைத் தொடக் கூடாது. அதிகாலை மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கடலை மிட்டாய் பெரிய ஆறுதல், அதைப் பகலில் தின்று தீர்த்துவிட்டால் கோபம் வரும். சின்ன விஷயத்தில்தான் படகில் சண்டை தொடங்கும். கடற்படை அதிகாரிகளான, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், தில்னாவும், இரண்டே பேராகக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவை விட்டுக் கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். எட்டு மாதம். இரவுக் காவலில் நான் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

இருட்டின பிறகு மேல்தளத்துக்கு வரும் யாரும் இடுப்புக் கொக்கியைப் படகோடு மாட்டாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் போனாலும்தான். எங்களோடு வரும் காசிமேட்டுத் தம்பி சின்ன வயதிலிருந்து கடலில் கிடப்பவன். அவனும் முதலில் தயங்கினான். "நீ மாட்டலைன்னா நான் தூங்க மாட்டேண்டா" என்று சொன்னேன், மாட்டிக்கொண்டான். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554-ஐ வீட்டில் இருப்பவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

மீன் கிடைத்தால் கூடுதல் வரவு, அதை நம்பிச் சாமான் குறைக்காதீர்கள். தூண்டிலை இழுத்துக்கொண்டே போனால் சூரை மாட்டும். மாட்டியவுடன் செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு, நிழலில் ஈரச் சாக்கால் மூடி, அரை மணிக்குள் குழம்பில் போட்டுவிடுங்கள். சூரை வெயிலில் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் சேரும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். ஐஸ் தீர்ந்த பிறகு நாலு பேர் ஒரு வேளைக்குத் தின்ன முடியாத பெரிய மீன் மாட்டினால் விட்டுவிடுகிறோம். சில இரவுகளில் கோலா மீன் தானாகவே பறந்து வந்து தளத்தில் விழும். விடிந்ததும் பொறுக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, தோசைக்கல்லில் போட்டால் பழைய சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

குப்பை பற்றி ஒன்று. பிளாஸ்டிக் எதுவும் கடலில் விழக் கூடாது, இது சர்வதேச விதி. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் காய்த்தோல், மிச்சச் சோறு மட்டும் போடலாம். கவர்களைக் கடல்நீரில் அலசிக் காயவைத்து, ஒரு காலி கேனுக்குள் குச்சியால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு பேரின் இரண்டு வாரப் பிளாஸ்டிக் ஒரே கேனில் அடங்கிவிடும்.

போர்ட் பிளேரில் இறங்கினால் தமிழ் பேசிக்கொண்டே கடைவீதியில் சாமான் வாங்கலாம். தேங்காயும் வாழைப்பழமும் தாராளம். வெங்காயமும் உருளையும் கப்பலில் வருகிற பொருள், விலை கூடுதலாக இருக்கும். அதனால் திரும்பும் வழிக்கான வெங்காயத்தையும் இங்கிருந்தே ஏற்றிவிடுவேன்.

திரும்பி வந்ததும், களைப்பில் படுத்துவிடாமல் அன்றே மிச்சத்தை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். போன முறை எனக்கு மிஞ்சியது அரிசி 3 கிலோ, முட்டை நாலு, துவரம்பருப்பு ஒரு கிலோ, சத்துமாவு பாதி டப்பா. பச்சை மிளகாய் போகும்போதே ஐந்தாம் நாள் தீர்ந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்குப் பிறகு அரை கிலோ கூடுதல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.